திறப்பு மணி இல்லாத சந்தை: ஒரு பழைய டே டிரேடிங் முறையும் கச்சா எண்ணெயும்

கச்சா எண்ணெய் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது பெட்ரோல் பங்க் விலைப் பலகை தான். ஆனால் அந்த எண்ணெயைக் கண்ணால் கூடப் பார்க்காமல், காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிட்டு வீட்டுக்குப் போகிற ஒரு கூட்டம் நாற்பது வருடங்களுக்கும் மேலாக இருக்கிறது. அவர்கள் தான் டே டிரேடர்கள். அவர்கள் கையில் இருந்த ஒரு பழைய முறை எண்ணெய்ச் சந்தைக்கு வந்தபோது எங்கெல்லாம் இடித்தது, அதை எப்படியெல்லாம் மாற்றினார்கள், மாற்றவே கூடாத ஒன்றை மாற்றியபோது என்ன நடந்தது... இது தான் கதை.

முறை இது தான்

பெயர் ஓப்பனிங் ரேஞ்ச் பிரேக்அவுட். பெயர் தான் நீளம், விஷயம் எளிது. சந்தை திறந்ததும் முதல் சில நிமிடங்கள் விலை எந்த உச்சத்துக்கும் எந்த அடிக்கும் நடுவில் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். உச்சத்தைத் தாண்டினால் வாங்க வேண்டும். அடியை உடைத்தால் விற்க வேண்டும். (கையில் சரக்கே இல்லாமல் முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கி நேர் செய்வது ஃப்யூச்சர்ஸில் சர்வ சாதாரணம்.) போன பக்கம் தவறு என்றால் எதிர்ப்பக்கத்தில் ஸ்டாப் லாஸ். எப்படி இருந்தாலும், சந்தை மூடும் மணி அடிப்பதற்குள் கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

ஏன் திறப்புக்கு இவ்வளவு மரியாதை? இரவு முழுக்க வந்த செய்திகள், வெளிநாட்டு நிலவரம், வாடிக்கையாளர்கள் கொடுத்து வைத்த ஆர்டர்கள் எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் தான் ஒன்றாக வந்து மோதும். அந்த மோதலில் ஜெயித்த பக்கம் எதுவோ, அந்தப் பக்கமே நாள் முழுக்க ஓடும் வாய்ப்பு அதிகம் என்பது தான் நம்பிக்கை. விலை ஒரே பக்கமாக ஓடும் நாட்களில் அன்றைய உச்சமோ அடியோ திறப்பு விலைக்குப் பக்கத்திலேயே அமைந்துவிடும் என்பதைத் தரை வியாபாரிகள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

இதைக் கணக்காக எழுதி வைத்தவர் டோபி கிரேபல். டென்னிஸ் ஆட்டக்காரராக இருந்து சந்தைக்கு வந்தவர். 1990ல் வந்த அவருடைய புத்தகம் இந்த முறைக்கு ஒரு பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. அதில் 'ஸ்ட்ரெட்ச்' என்று ஓர் அளவு வருகிறது. ஒரு நாள் திறப்பு விலை 20.00 டாலர், உச்சம் 20.40, அடி 19.92 என்று வைத்துக்கொள்வோம். திறப்புக்கு எது பக்கத்தில் இருக்கிறது? அடி தான், 8 சென்ட் தூரம். இப்படிக் கடந்த 10 நாட்களுக்கும் கணக்குப் போட்டு சராசரி எடுத்தால் அது தான் ஸ்ட்ரெட்ச். இன்றைய திறப்பு விலையோடு அதைக் கூட்டினால் வாங்கும் இடம், கழித்தால் விற்கும் இடம். முதலில் எது தொடப்படுகிறதோ அது வியாபாரம், மற்றது ஸ்டாப் லாஸ்.

இன்னொன்றும் சொன்னார். கடந்த 7 நாட்களிலேயே உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வீச்சு மிகக் குறைவாக இருந்த நாளுக்கு அடுத்து, பெரிய ஓட்டத்துக்கு வாய்ப்பு கூடுகிறது என்றார். சுருங்கிய ஸ்பிரிங் விரிகிற மாதிரி.

இந்த முறைக்குள் சொல்லாமலே சில நிபந்தனைகள் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? ஒன்று, நேற்றைய அளவு இன்றைக்கும் ஓரளவு பொருந்தும். இரண்டு, ஒரு காண்ட்ராக்டின் ரிஸ்க் தினமும் கிட்டத்தட்ட ஒரே அளவு தான். மூன்று, சந்தைக்கு ஒரு திறப்பு மணி இருக்கிறது. எண்ணெய் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக உடைத்தது.

உருளைக்கிழங்கில் இருந்து எண்ணெய்க்கு

நியூயார்க் மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச், சுருக்கமாக நைமெக்ஸ், 1872ல் வெண்ணெய், பாலாடைக்கட்டி வியாபாரிகள் தொடங்கியது. ஒரு காலத்தில் அதன் முக்கியச் சரக்கு மெய்ன் மாநில உருளைக்கிழங்கு! 1976ல் விற்றவர்கள் கிழங்கைக் கொண்டுவந்து கொடுக்க முடியாமல் கைவிரிக்க, எக்ஸ்சேஞ்சின் பெயரே கெட்டுப்போனது. பிழைக்க வேறு சரக்கு தேட வேண்டிய நிலை. 1978ல் ஹீட்டிங் ஆயில் ஃப்யூச்சர்ஸ் வந்தது. 1983 மார்ச் 30 அன்று கச்சா எண்ணெய் ஃப்யூச்சர்ஸ் தொடங்கியது.

ஒரு காண்ட்ராக்ட் 1,000 பீப்பாய். சரக்கு கைமாறும் இடம் ஓக்லஹோமாவில் உள்ள குஷிங். விலை குறைந்தபட்சம் 1 சென்ட் நகரும், அதாவது ஒரு காண்ட்ராக்டுக்கு 10 டாலர். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதற்கு முன்பு எண்ணெய் விலையைப் பெரிய கம்பெனிகளும், பிறகு ஒபெக் நாடுகளும் அறிவிப்பார்கள். ஃப்யூச்சர்ஸ் வந்த பிறகு விலை நிமிடத்துக்கு நிமிடம் கூச்சலில் முடிவானது. தானியச் சந்தையிலும் பத்திரச் சந்தையிலும் பழகிய முறைகளை எல்லாம் எண்ணெய்க்கும் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1985 நவம்பரில் 30 டாலர் அளவில் இருந்த விலை 1986ல் 10 டாலர் அளவுக்கு விழுந்தபோது, இந்தச் சரக்கின் குணம் வேறு என்பது தெரிந்துவிட்டது.

முதல் இடி: அளவுகோல்

கிரேபலின் ஸ்ட்ரெட்ச் 10 நாள் சராசரி. சந்தை மாறினால் அதுவும் மாறும். ஆனால் கூட்டம் என்ன செய்யும்? கணக்கை விட்டுவிட்டு விடையை மட்டும் காப்பி அடிக்கும். 'திறப்பில் இருந்து 10 சென்ட்', '20 சென்ட் ஸ்டாப்' என்று வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டால், சந்தை அமைதியாக இருக்கும் வரை அது ஓடும். காண்ட்ராக்டுக்கு 200 டாலர் ரிஸ்க், தாங்கக் கூடியது தான்.

2008ஐப் பாருங்கள். ஜனவரியில் முதன்முறையாக 100 டாலரைத் தொட்டது. ஜூன் 6 அன்று ஒரே நாளில் 10.75 டாலர் ஏறியது. ஜூலை 11ல் 147.27 டாலர் என்ற உச்சம். செப்டம்பர் 22 அன்று, முடியப் போகிற அக்டோபர் காண்ட்ராக்ட் நாளுக்குள் 25 டாலருக்கு மேல் ஏறிவிட்டு, கடைசியில் 16.37 டாலர் ஏற்றத்தில் 120.92ல் நின்றது. 1986ல் ஒரு பீப்பாயின் முழு விலையே 10 டாலர் தான் என்பதை இதோடு ஒப்பிடுங்கள். டிசம்பரில் விலை 35 டாலருக்கும் கீழே.

இப்படிப்பட்ட சந்தையில் 10 சென்ட் என்பது வெறும் மூச்சு. மேலே தொட்டு வாங்க வைத்து, கீழே தொட்டு ஸ்டாப்பில் வெளியே தள்ளி, மறுபடி மேலே போகும். ஒரு மணி நேரத்தில் நாலு முறை அடி வாங்கினால், திசையைச் சரியாகக் கணித்தவனும் காசை இழப்பான்.

தீர்வு ஏற்கெனவே இருந்தது. வெல்ஸ் வைல்டர் என்ற மெக்கானிக்கல் இஞ்சினியர் 1978ல் எழுதிய புத்தகத்தில் 'ட்ரூ ரேஞ்ச்' என்று ஓர் அளவைக் கொடுத்திருந்தார். இன்றைய உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள தூரம், நேற்றைய முடிவு விலைக்கும் இன்றைய உச்சத்துக்கும் உள்ள தூரம், நேற்றைய முடிவு விலைக்கும் இன்றைய அடிக்கும் உள்ள தூரம் - இந்த மூன்றில் எது பெரிதோ அது. அதை 14 நாளுக்குச் சராசரி எடுத்தால் ஏடிஆர்.

நேற்றைய முடிவு விலையை ஏன் சேர்த்தார்? இரவில் நடக்கும் தாவலும் கணக்கில் வர வேண்டும் என்று தான். எண்ணெய்க்கு இது ரொம்ப முக்கியம். சண்டை, புயல், ஒபெக் கூட்டம் எதுவும் நியூயார்க் நேரம் பார்த்து வருவதில்லை. ஆக முதல் மாற்றம் இது: சென்டில் சொன்னதை எல்லாம் ஏடிஆரில் ஒரு பங்கு என்று சொல்வது. லாரி வில்லியம்ஸ் முந்தைய நாள் வீச்சில் ஒரு பங்கைத் திறப்பு விலையோடு கூட்டிப் பயன்படுத்திய முறையும் இதே குடும்பம் தான்.

இரண்டாம் இடி: எத்தனை காண்ட்ராக்ட்?

ஸ்டாப்பைத் தள்ளி வைத்தால் அடிக்கடி அடி வாங்க மாட்டோம், சரி. ஆனால் வாங்கும் ஒரே அடி பெரிதாக இருக்குமே? இங்கே தான் பலர் பாதி மாற்றத்தோடு நின்றுவிட்டார்கள்.

இதற்கு விடை வேறு இடத்தில் இருந்து வந்தது. சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ், வில்லியம் எக்கார்ட் இருவரும் 1983ல் தொடங்கி, பயிற்சி கொடுத்தால் யாரும் டிரேடர் ஆக முடியுமா என்று ஒரு பந்தயத்தில் 'டர்ட்டில்ஸ்' என்ற குழுவைத் தயார் செய்தார்கள். அவர்கள் டே டிரேடர்கள் இல்லை, வாரக்கணக்கில் வைத்திருப்பவர்கள். ஆனால் எத்தனை காண்ட்ராக்ட் எடுக்கலாம் என்பதற்கு அவர்களுடைய சூத்திரம் யாருக்கும் பொருந்தும். 20 நாள் சராசரி ட்ரூ ரேஞ்சை டாலரில் மாற்றி, அது மொத்தப் பணத்தில் 1 சதவீதத்துக்குச் சமமாக வரும் அளவு மட்டுமே ஒரு யூனிட்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கையில் 1,00,000 டாலர், 1 சதவீதம் 1,000 டாலர். சராசரி வீச்சு 50 சென்ட் என்றால் ஒரு காண்ட்ராக்டுக்கு 500 டாலர், ஆக 2 காண்ட்ராக்ட் எடுக்கலாம். வீச்சு 5 டாலர் ஆனால்? ஒரு காண்ட்ராக்டுக்கே 5,000 டாலர். 1,000ஐ 5,000ஆல் வகுத்தால் 0.2. ஒரு காண்ட்ராக்ட் கூட எடுக்கக் கூடாது!

இந்த 0.2 சொல்வது கசப்பான உண்மை. ஒரு லட்சம் டாலர் வைத்திருப்பவனுக்கே இந்தச் சந்தையில் இன்று இடமில்லை என்கிறது கணக்கு. ஆனால் சந்தை வேகமாக ஓடும்போது தான் எல்லோருக்கும் உள்ளே போக ஆசை வரும். மார்ஜின் கட்டினால் புரோக்கர் கொடுத்துவிடுவார். கட்ட முடிகிறது என்பதும் தாங்க முடியும் என்பதும் வேறு வேறு. 2002ல் நைமெக்ஸ் 500 பீப்பாய் மினி காண்ட்ராக்டும், 2021ல் 100 பீப்பாய் மைக்ரோ காண்ட்ராக்டும் வந்த பிறகு தான் சின்னக் கணக்குகளுக்கு இந்த வகுத்தலில் முழு எண் கிடைத்தது.

மூன்றாம் இடி: மணி எங்கே?

கிரேபல் எழுதிய காலத்தில் எண்ணெய் வியாபாரம் 'பிட்' என்கிற படிக்கட்டு வட்டத்துக்குள் நடந்தது. வண்ணச் சட்டை போட்டவர்கள் கையை ஆட்டிக் கத்துவார்கள். மணி அடித்தால் தொடக்கம், மணி அடித்தால் முடிவு. கடைசி வருடங்களில் காலை 9 மணி முதல் மதியம் 2.30 வரை. 2006ல் நைமெக்ஸ் எண்ணெய் காண்ட்ராக்ட் குளோபெக்ஸ் என்ற மின்னணுத் தளத்துக்கு வந்தது. வியாபாரம் மளமளவென்று திரைக்கு நகர்ந்தது. 2008ல் நைமெக்ஸை சிஎம்இ குழுமம் வாங்கியது. 2015 ஜூலையில் ஃப்யூச்சர்ஸ் பிட் மூடப்பட்டது.

இப்போது நியூயார்க் நேரப்படி மாலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் மாலை 5 மணி வரை, ஒரு மணி நேர இடைவெளி தவிர, சந்தை ஓடிக்கொண்டே இருக்கிறது. இதில் 'திறப்பு' எது? மாலை 6 மணி என்றால் அப்போது ஆளே குறைவு. இரவெல்லாம் சேர்ந்த ஆர்டர்கள் ஒரே நொடியில் மோதுவது தான் இந்த முறையின் உயிர். இரவெல்லாம் வியாபாரம் நடந்தால் மோதுவதற்குச் சேர்ந்திருப்பது எது?

இதற்குப் பல விதமாகப் பதில் சொல்கிறார்கள். சிலர் இல்லாத மணியை இருப்பதாகவே வைத்துக்கொண்டு, பழைய பிட் நேரமான காலை 9ஐத் திறப்பாக எடுக்கிறார்கள். இதிலும் அர்த்தம் இருக்கிறது. அமெரிக்க வியாபாரிகள் வேலைக்கு வரும் நேரம் அது தான். அன்றைய செட்டில்மென்ட் விலை இன்றும் மதியம் 2.28 முதல் 2.30 வரை நடக்கும் வியாபாரத்தை வைத்துத் தான் முடிவாகிறது. பிட் செத்தாலும் அதன் கடிகாரம் சாகவில்லை!

இன்னும் சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். திறப்பு என்பது கடிகாரம் இல்லை, புதுத் தகவல் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வந்து சேரும் நொடி. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வழக்கமாகப் புதன்கிழமை காலை 10.30க்கு வாராந்திர இருப்பு அறிக்கையை வெளியிடும். அந்த நிமிடம் ஆர்டர்கள் மோதுகிற விதம் பழைய மணியோசை நேரம் மாதிரியே இருக்கும். ஆகவே அறிக்கைக்குப் பிந்தைய சில நிமிட வீச்சையே அன்றைய திறப்பு வீச்சாக எடுக்கலாம். எழுத்தை விட்டு அர்த்தத்தைப் பிடித்த மாற்றம் இது.

மாற்றக் கூடாதது

இவ்வளவு மாற்றத்துக்கு நடுவில் ஒரு விதி மட்டும் தொடப்படாமல் இருந்தது. நாள் முடிவதற்குள் வெளியே வந்துவிடு. கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் எண்ணெயில் இதன் மதிப்பு என்ன என்பதற்கு இரண்டு நாட்கள் சாட்சி.

முதலாவது 1991 ஜனவரி 17. ஈராக் குவைத்துக்குள் புகுந்த பிறகு விலை 40 டாலருக்கு மேல் வரை போயிருந்தது. ஜனவரி 16 அன்று பிட் மூடும்போது விலை 32 டாலர். அன்று மாலை, பிட் மூடிய பிறகு, வான்வழித் தாக்குதல் தொடங்கியது. போர் வந்தால் விலை ஏறும் என்பது தான் எல்லோரும் சொன்னது. ஆனால் தாக்குதல் வெற்றி என்ற செய்தியும், அமெரிக்க அரசு தன் கையிருப்பு எண்ணெயைத் திறந்துவிடும் என்ற அறிவிப்பும் வர, 17ஆம் தேதி விலை 10.56 டாலர் சரிந்து 21.44ல் முடிந்தது. முதல் நாள் வாங்கி 31.50ல் ஸ்டாப் போட்டு வைத்தவனுக்கு அந்த ஸ்டாப் என்ன செய்திருக்கும்? ஒன்றும் இல்லை. விலை 31.50 வழியாக இறங்கி வரவில்லை, அதைத் தாண்டிக் குதித்தது. முதல் நாள் மணிக்குள் வெளியே போன டே டிரேடர் மட்டும் நிம்மதியாகச் செய்தி பார்த்தார்.

இரண்டாவது 2020 ஏப்ரல் 20. கொரோனாவால் உலகம் வீட்டுக்குள் இருந்தது. எண்ணெய் வாங்க ஆளில்லை, குஷிங் தொட்டிகளில் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் முடியப் போகிற மே காண்ட்ராக்டை வைத்திருந்தவர்கள் எண்ணெயை வாங்கி வைக்க இடமில்லாமல், காசு கொடுத்தாவது தள்ளிவிடத் துடித்தார்கள். விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதே நாளில் ஜூன் காண்ட்ராக்ட் 20 டாலருக்கு மேலே இருந்தது என்பது தான் வேடிக்கை.

சில புரோக்கர்களின் மென்பொருளுக்கு மைனஸ் விலையைக் காட்டவே தெரியவில்லை. 'விலையில் 2 சதவீதம் ஸ்டாப்' என்று சதவீதத்தில் கணக்குப் போட்டவர்களுக்குச் சூத்திரமே அர்த்தம் இழந்தது. சிஎம்இ தன் ஆப்ஷன் கணக்குகளுக்கு, விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது என்று எடுத்துக்கொள்ளும் சூத்திரத்தைக் கைவிட்டு, பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூயி பஷெலியே 1900ல் எழுதிய ஆய்வேட்டை அடிப்படையாகக் கொண்ட சூத்திரத்துக்கு இரண்டே நாளில் மாறியது. நூற்றிருபது வருடப் பழசு தான் அந்த வாரம் வேலை செய்தது.

இந்தியாவில் இதன் அடி எப்படி விழுந்தது? எம்சிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 2005 முதல் கச்சா எண்ணெய் ஃப்யூச்சர்ஸ் உண்டு, 100 பீப்பாய் ஒரு லாட். சரக்கு கைமாறாது. நைமெக்ஸ் விலையை ரூபாயில் மாற்றிக் கணக்கு முடிப்பார்கள். வழக்கமாக இரவு 11.30 வரை நடக்கும் சந்தை, ஊரடங்கால் அப்போது மாலை 5 மணிக்கே மூடப்பட்டது. ஏப்ரல் காண்ட்ராக்டின் கடைசி நாள் அதே ஏப்ரல் 20. மாலை 5 மணிக்குக் கடைசி விலை பீப்பாய்க்குச் சுமார் 965 ரூபாய். 'இவ்வளவு மலிவா!' என்று வாங்கி வைத்தவர்கள் இருந்தார்கள். அப்போது நியூயார்க்கில் காலை 7.30 மணி தான். அங்கே விலை பூஜ்ஜியத்தை உடைத்தபோது இங்கே நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. கதவு பூட்டிய வீட்டுக்குள் இருந்து புகையைப் பார்ப்பது மாதிரி.

கணக்கு மைனஸ் 2,884 ரூபாயில் முடிக்கப்பட்டது. 965க்கு ஒரு லாட் வாங்கியவர் அந்த எண்ணெய்க்கு வைத்த மொத்த மதிப்பே 96,500 ரூபாய். நஷ்டமோ 3.8 லட்சத்துக்கு மேல். முழுப் பணமும் போனால் கூட 96,500 தானே என்று நினைத்தவர் அதைப் போல நாலு மடங்கு கட்ட வேண்டி வந்தது. மாலை 5 மணிக்குள் விற்றுவிட்டு வெளியே வந்தவருக்கு அன்றைய லாப நஷ்டத்தோடு போயிற்று.

அளவுகோல், காண்ட்ராக்ட் எண்ணிக்கை, கடிகாரம் மூன்றையும் காலத்துக்கு ஏற்ப மாற்றியவர்கள் இந்த முறையை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஏடிஆர் எத்தனை நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் அது நடந்து முடிந்த நாட்களின் சராசரி தான், இதுவரை நடக்காததை அதனால் அளக்க முடியாது. அதனால் தான் பழைய பிட் ஆட்கள் கணக்கை எல்லாம் முடித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்குப் போகிற பழக்கத்தை மட்டும் விட்டவர்கள் கட்டிய கட்டணம் தான் அந்த மைனஸ் 2,884.